காலை ஷிஃப்ட் விஷயமா பெத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு வரி போட்டா போதும் மேடம்னு கிளார்க் சொன்னாரு. போன தடவை ஷிஃப்ட் மாத்துறதை அப்படி ரெண்டு வரியில போட்டுத்தான் மாட்டிக்கிட்டேன், அதனால நீளமாவே எழுதுறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஜூன்ல நம்ம மும்பை தாராவி ஸ்கூல் திறந்தப்ப எட்டு, ஒம்போது, பத்தாம் கிளாஸை மத்தியான ஷிஃப்ட்லேர்ந்து காலை ஏழு மணிக்கு மாத்துனேன். நம்ம மேல் மாடி தகரக் கூரைக்குக் கீழ ரெண்டு மணிக்கு உக்காந்து பாருங்க, கணக்கு டீச்சருக்கே கொட்டாவி வரும். காலையிலன்னா புள்ளைங்க மண்டை தெளிவா இருக்கும், மார்ச் பரீட்சைக்கு படிக்கவும் நேரம் கிடைக்கும்னு நினைச்சேன். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல. ஆனா ஜூலை கடைசியில ஒம்போதாம் கிளாஸ்ல பாதி பெஞ்ச் காலி.

எனக்கு கோவம்தான் வந்துச்சு. இவங்க புள்ளைங்களுக்காகத்தானே செய்யுறோம், அஞ்சரைக்கு எழுப்பி விட இவ்ளோ சோம்பேறித்தனமான்னு, சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் கணபதி லீவுக்கு முன்னாடி மீட்டிங்ல ஒரு அம்மா எந்திரிச்சு கேட்டாங்க, "டீச்சர், நல்லதுன்னு எங்களுக்கும் தெரியுது, எங்க சால்ல, இந்த வரிசை வீடுங்கள்ல, குழாய்ல தண்ணி வர்றதே காலையிலதான், பொண்ணு ஸ்கூலுக்கு வந்துட்டா நீங்க வந்து புடிச்சு ஊத்துவீங்களா?" ஹாலே சிரிச்சுது, நானும்தான், ஆனா வீட்டுக்குப் போயும் அது மனசை விட்டுப் போகல.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. இட்லி வியாபாரம் பண்ற வீட்ல ராத்திரி ரெண்டு மணிக்கே அடுப்பு பத்த வைக்கிறாங்க, விடியறதுக்குள்ள சைக்கிள்ல அண்டா ஏத்தி விடுறது நம்ம பையன். சின்னப் புள்ளைங்க கதை வேற, நாலாம் கிளாஸ் வரைக்கும் ஒம்போது மணிக்கு முன்னாடி ஆரம்பிக்கக் கூடாதுன்னு மகாராஷ்டிரா சர்க்கார் 2024லயே சொல்லிட்டதால அக்கா ஏழுக்கு தம்பி ஒம்போதுக்கு, அம்மா ரெண்டு நடை நடக்கணும். நம்ம டீச்சர்ங்களுக்கும் கஷ்டம்தான், தூரத்துல டோம்பிவிலி, கல்யாண்லேர்ந்து வர்றவங்க விடியக்காலை லோக்கல் ரயில் புடிக்கணும், ஸ்டாஃப் ரூம்ல யாரும் வாயே திறக்கல, சம்மதம்னு நான்தான் எடுத்துக்கிட்டேன்.

இதுல ஏதாவது ஒண்ணை மே மாசமே கேட்டிருக்கலாம். ஏன் கேக்கலன்னா, என் மனசு சுத்தம்ங்கிற தைரியம்தான். நமக்குன்னு ஏதாவது லாபம் இருந்தா பயந்துக்கிட்டாவது நாலு பேரை கேப்போம், நல்லதுதானே பண்றோம்னு இருக்கும்போது கேக்கத் தோணாது, எதுத்துப் பேசுறவங்கதான் தப்புன்னு தோணும்.

பெரியவங்களுக்கே இப்படி நடந்திருக்கு. 1953ல முதலமைச்சரா இருந்த ராஜாஜி மெட்ராஸ் மாகாணத்துல கிராமத்து ஸ்கூல் நேரத்தை மூணு மணி நேரமா குறைச்சாரு. இருக்குற கட்டடம், இருக்குற வாத்தியார் வச்சே ரெண்டு ஷிஃப்ட்ல நிறைய புள்ளைங்களை சேக்கலாம், மிச்ச நேரம் அப்பா தொழிலைப் பழகட்டும்னு கணக்கு. அவரு எண்ணம் நல்லதா இல்லையான்னு இன்னைக்கும் சண்டை நடக்குது, அதுக்குள்ள நான் போகல. ஆனா சொந்தக் கட்சிக்காரங்களையே கலந்துக்காம கொண்டு வந்தாரு, செருப்பு தைக்கிறவர் புள்ள செருப்புதான் தைக்கணுமான்னு ஜனங்க கேட்டாங்க, குலக்கல்வின்னு பேர் வச்சாங்க, 1954ல அவரு பதவி போச்சு, அடுத்து வந்த காமராஜர் அந்த வருஷமே திட்டத்தை எடுத்துட்டாரு. அதே காமராஜர் 1956ல மதிய உணவு கொண்டு வந்தப்ப, புள்ள ஏன் ஸ்கூலுக்கு வரலங்கிறதுலேர்ந்து ஆரம்பிச்சாரு, பசின்னு பதில் கிடைச்சுது, சோறு போட்டாரு. நம்ம தாத்தா பாட்டிங்க நிறைய பேர் அந்த சாப்பாட்டுக்குப் போயி படிச்சவங்கதான்.

சரி, இப்ப என்ன பண்ணப் போறேன்னா, எட்டும் ஒம்போதும் திங்கக்கிழமையிலேர்ந்து பழைய மத்தியான ஷிஃப்டுக்கே போகுது. பத்தாம் கிளாஸ் மட்டும் தீபாவளி லீவுக்கு அப்புறம் மூணு வாரம் காலை எட்டு மணிக்கு நடத்திப் பாக்கலாமான்னு கேக்குறேன், கேக்குறேன்தான், முடிவு பண்ணல. தண்ணி நேரம் உங்க சால்ல எத்தனை மணிக்குன்னு புள்ளை டைரியில எழுதி அனுப்புங்க. ஸ்கூலுக்கு வர முடியாதவங்க வர வேணாம், நானும் ரெண்டு டீச்சரும் செவ்வாய், புதன் ராத்திரி எட்டு மணிக்கு மேல 90 அடி ரோடு பக்கம் சந்து சந்தா வர்றோம். மாவு ஆட்டுற நேரமா இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, வேற நாள் வர்றோம்.

இப்படிக்கு,
உங்க ஹெட்மிஸ்ட்ரஸ்