கையெழுத்துக்கு எதற்கு 10 கேபி? ஆள்சேர்ப்பு இணையதளப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். இந்தத் தடவையும் விண்ணப்பத்தின் கடைசி நாளில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். கையெழுத்துப் படத்தைப் பதிவேற்றினால் "தவறான கோப்பு" என்று சிவப்பில் ஒரு வரி. என்ன தவறு, எதில் தவறு என்று ஒரு வார்த்தை கிடையாது. சர்வர் படுத்துக்கொண்டதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. கேட்க வந்தது ஒன்றுதான்: கையெழுத்துப் படத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் 10 கேபி (கிலோபைட்) என்ற குறைந்தபட்சக் கோப்பு அளவை எடுத்துவிடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். அகலம் 140 பிக்சல், உயரம் 60 பிக்சல் என்கிறீர்கள். பெருக்கினால் 8,400. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்ட கையெழுத்தைச் சாம்பல் நிறப் படமாக வைத்தால் பிக்சலுக்கு ஒரு பைட். துளிகூடச் சுருக்காமல் வைத்தாலே 8,400 பைட்தான், 10 கேபியை எட்டாது. அதையே ஜேபெக் என்ற பட வடிவத்தில் சுருக்கினால் சில கேபியில் நின்றுவிடும். நீங்கள் கேட்கும் பிக்சலும் நீங்கள் கேட்கும் கேபியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

படங்களை மாற்றித்தரும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் தரத்தை உச்சமான 100 என்று வைத்தாலும் 10 கேபிக்கு ஏறாது. படத்தில் நிறமே இல்லை என்று கண்டால் அது தானாகவே சாம்பல் ஜேபெக்காக எழுதிவிடும். 'டைப் ட்ரூகலர்' என்று சொல்லி வண்ணத்தையும் எழுத வைக்கலாம். ஆனால் அந்த வண்ணப் பகுதி வெறுமையாக இருப்பதால் சில நூறு பைட்தான் கூடும். ஆகவே நல்ல ஸ்கேனரில் சுத்தமாக எடுத்துவந்தவர் தோற்கிறார். மங்கலான வெளிச்சத்தில், கசங்கின தாளை, விரல் நிழல் விழ மொபைலில் எடுத்தவர் ஜெயிக்கிறார். வழவழப்பான வெள்ளைப் பரப்பு ஜேபெக்கில் நன்றாகச் சுருங்கும், புள்ளிப்புள்ளியான இரைச்சல் சுருங்காது. அழுக்குக்கு மதிப்பெண் போடுகிறது உங்கள் தளம்.

இதற்குக் குறுக்குவழி இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜேபெக் கோப்புக்குள் குறிப்பு எழுதி வைக்க ஓர் இடம் உண்டு, ஒரு துண்டுக்கு 65,533 பைட் வரை. எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு 'அ' மூன்று பைட். அங்கே 3,000 தடவை 'அ' எழுதினால் 9,000 பைட் ஏறிவிடும். கையெழுத்து ஒரு புள்ளிகூட மாறாது, உங்கள் தளமும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளும். அரிச்சுவடி பயில்வதற்கா இந்த விதி? மன்னிக்கவும். அந்த 10 கேபியை எடுத்துவிடுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

புகைப்படத்தில் சிக்கல் வேறு மாதிரி. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் கேமரா இயல்பாக ஹெச்இஐசி என்ற வேறொரு பட வடிவத்தில் சேமிக்கிறது. கோப்புப் பெயரின் வாலை மட்டும் ஜேபிஜி (ஜேபெக் கோப்பின் வால்) என்று மாற்றிவிட்டால் படம் மாறிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே இருப்பது அதே ஹெச்இஐசிதான். லினக்ஸில் 'ஃபைல்' கட்டளை கொடுத்தால் ஒரு நொடியில் உண்மை தெரியும். உண்மையான ஜேபெக் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும். உங்கள் தளமோ வாலை மட்டும் பார்த்து உள்ளே விடுகிறது. அப்புறம் அனுமதிச் சீட்டில் படம் இருக்க வேண்டிய கட்டம் காலியாக வருகிறது, "புகைப்படம் தெளிவில்லை" என்று விண்ணப்பம் தள்ளப்படுகிறது. வாசலில் சரிபார்க்காதது உங்கள் நிரல், தண்டனை விண்ணப்பதாரருக்கு.

புகைப்படத்துக்கான 50 கேபி என்ற உச்ச வரம்பிலும் குழப்பம். விண்டோஸ் 1,024 பைட்டை ஒரு கேபி என்று எண்ணுகிறது. 50,500 பைட் கோப்பை அது 49.3 கேபி என்று காட்டும். உங்கள் தளம் 50,000-ஐத் தாண்டியதும் மறுத்துவிடுகிறது. எதை ஒரு கேபி என்கிறீர்கள் என்று எங்குமே எழுதவில்லை. '200 டிபிஐ' (அங்குலத்துக்கு 200 புள்ளி) என்ற வரியும் வேண்டாத வேலை. பிக்சல் அளவைச் சொன்ன பிறகு டிபிஐ என்பது கோப்பின் தலைப்பில் இருக்கும் வெறும் எண். அதை மாற்றினால் படத்தில் எதுவும் மாறாது.

இவ்வளவு துல்லியம் கேட்கும் நீங்கள் வெளியிடும் அறிவிப்போ, கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதில் ஒரு சொல்லைத் தேடக்கூட முடியாது. சரி, அது இன்னொரு மடலுக்கு ஆகும்.

தயவுசெய்து இந்த மாற்றும் வேலையை உங்கள் சர்வரே செய்யட்டும். 5 எம்பி வரை எந்தப் படம் வந்தாலும் வாங்கிக்கொண்டு, இமேஜ்மேஜிக்கில் ஒரே கட்டளையில் முடிக்கலாம். வரிசை முக்கியம். முதலில் படத்தை நிமிர்த்தும் 'ஆட்டோ-ஓரியன்ட்'. அதற்கு முன், கூடுதல் தகவலை நீக்கும் 'ஸ்ட்ரிப்' போட்டால் எக்சிஃபில் (கேமரா எழுதிவைக்கும் தகவலில்) உள்ள திசைக் குறிப்பு அழிந்து, முகம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அடுத்து வண்ணத்தை எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலுக்கு (திரைகளுக்கான பொது வண்ண முறைக்கு) மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஐபோன் படங்கள் வெளுத்துப்போகும். பின்புலம் ஊடுருவும் பிஎன்ஜி வந்தால் அதை வெள்ளைப் பின்னணியில் பதிக்க 'பேக்ரவுண்ட் ஒயிட்', 'ஃபிளாட்டன்' இரண்டும் வேண்டும். இல்லையேல் பின்னணி கறுப்பாகிவிடும். பிறகு புகைப்படத்தை 200க்கு 230 பிக்சல் என்று அளவு மாற்றும்போது அளவின் பின்னால் ஆச்சரியக்குறி (!) போடாதீர்கள், முகம் இழுபட்டுப்போகும். மேல்நோக்கிய குறி (^) போட்டு, நடுவிலிருந்து 'எக்ஸ்டென்ட்' கொடுத்து வெட்டுங்கள். கடைசியாக 'ஸ்ட்ரிப்', அதோடு 'ஜேபெக் எக்ஸ்டென்ட்' 45 கேபி. தரத்தை அதுவே கூட்டிக் குறைத்து வரம்புக்குள் கொண்டுவரும்.

"நோ டீகோட் டெலிகேட்" என்று பிழை வந்தால் சர்வரில் உள்ள இமேஜ்மேஜிக், ஹெச்இஐசியைப் படிக்கும் லிப்ஹெய்ஃப் நிரல் நூலகம் இல்லாமல் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். 'மேஜிக் லிஸ்ட் ஃபார்மட்' பட்டியலில் ஹெச்இஐசி வரியைப் பாருங்கள். பாதுகாப்பு பற்றிய கவலை உங்களுக்கு எழும். 2016-இல் இமேஜ்மேஜிக்கில் 'இமேஜ்டிராஜிக்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு அந்தக் கவலை நியாயமானதுதான். இமேஜ்மேஜிக்கில் எதை அனுமதிப்பது என்று சொல்லும் பாலிசி கோப்பில் ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி, ஹெச்இஐசி தவிர மற்ற எல்லாவற்றையும் மூடி, நினைவகத்துக்கும் பிக்சலுக்கும் வரம்பு வைத்துவிடலாம்.

இதற்கெல்லாம் டெண்டர் விட வேண்டும், காலம் ஆகும் என்பீர்கள். ஆகட்டும். 10 கேபி வரம்பை எடுப்பதற்கு நிரலில் ஒரு வரி போதும். மறுக்கும் இடத்தில் "உங்கள் கோப்பு 3 கேபி", "இது ஹெச்இஐசி, ஜேபெக் அல்ல" என்று காரணம் காட்ட இன்னும் சில வரிகள். அடுத்த அறிவிப்பு வெளியாகும் முன் இந்த இரண்டையும் செய்துதருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விண்ணப்ப மையக் கணினிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள்