நீ கேட்ட பொட்டலம் வராது

டேய் பாலு,

பதில் போடாததுக்கு நீ திட்டுனத எல்லாம் வாங்கிக்கிட்டேன். இங்க எல்லாரும் சௌக்கியம், சின்னவ மட்டும் பரீட்சைன்னு வீட்டையே மிரட்டிட்டு இருக்கா. விஷயத்துக்கு வரேன், உன் வயித்தெரிச்சலுக்கு நீ கேட்ட சீன மருந்துப் பொடிய அனுப்பப் போறதில்ல.

கத்தாம கேளு. எனக்கு வயித்தெரிச்சல் கொறஞ்சது நெஜம்தான். மாத்திரைய நிறுத்துனா திரும்ப வந்துருது, அதான் சைனாடவுன்ல ஒரு சின்சேகிட்ட, அதாவது சீன வைத்தியர்கிட்ட, போனேன். அந்தம்மா ரெண்டு கையிலயும் மூணு விரல வச்சு நாடி பாத்துட்டு, நாக்க நீட்டச் சொல்லி, மேல மஞ்சளா படிஞ்சிருக்கு, வயித்துல சூடும் குளிரும் கலந்து கெடக்குன்னாங்க. குடுத்தது பன் சியா சியே சின் தாங், சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடி சாங் சோங்ஜிங்னு ஒரு சீன வைத்தியர் எழுதி வச்ச கஷாயம், இப்போ பொடியா பாக்கெட்ல வருது, வெந்நீர்ல கலக்கிக் குடிக்கணும். மொத்தம் 7 சரக்கு, பாத்தா அதுல நம்ம சுக்கும் அதிமதுரமும் உக்காந்திருக்கு! கசப்பு இருக்கே, வேப்பங்கொழுந்தெல்லாம் பிச்ச வாங்கணும். கூடவே காபி கூடாது, ஐஸ் தண்ணி கூடாது, ராத்திரி கஞ்சின்னு வேற சொல்லிட்டாங்க, அதனால கஷாயம் கேட்டுச்சா காபி போனதுல சரியாச்சான்னு எனக்கே டவுட்டு, மரகதம் காபிதான்னு அடிச்சு சொல்றா.

ஆனா உன் கேஸ் வேறடா. நான் அங்க போறதுக்கு முன்னாடியே எண்டோஸ்கோபி எடுத்து, வயித்துல புண்ணு உண்டாக்குற ஹெச் பைலோரி கிருமி இல்லன்னு பாத்தாச்சு. நீ ஒண்ணுமே பாக்கல. அந்தக் கிருமி இருந்தா ஆன்டிபயாடிக் கோர்ஸ்தான் போடணும், கஷாயத்த நம்பி உக்கார முடியாது. பாரி மார்ஷல்னு ஒரு டாக்டர் வயித்து நோவுக்கு அதுதான் காரணம்னு காட்ட 1984ல அந்தக் கிருமிய தானே குடிச்சு வயித்தக் கெடுத்துக்கிட்டாரு, 2005ல நோபல் குடுத்தாங்க. நீ வயித்தக் கெடுத்துக்கிட்டா ஒருத்தனும் ஒண்ணும் தரமாட்டான்.

அப்புறம் நீ பிரஷர் மாத்திர போடுற ஆளு. அதிமதுரத்த தொடர்ந்து சாப்ட்டா பொட்டாசியம் எறங்கும், பிரஷர் ஏறும். ஆன்லைன்ல எவன்கிட்டயாவது வாங்கிக்கிறேன்னு வீம்பு பண்ணாத, 90கள்ல பெல்ஜியத்துல உடம்பு எளைக்கக் குடுத்த சீன மருந்துல ஒரு மூலிகைக்கு பதிலா வேற ஒண்ணு மாறிப்போயி எத்தனையோ பேருக்கு கிட்னி போச்சு.

எல்லாத்தையும் விடு, கடைசி வரியில வெயிட்டும் கொறஞ்சிருக்குன்னு சும்மா போற போக்குல எழுதியிருக்கியே, அதப் படிச்சதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. இந்த வாரமே போயி எண்டோஸ்கோபி எடு. பயமா இருந்தா சேகரக் கூட்டிட்டுப் போ, ரிப்போர்ட்ட எனக்கு அனுப்பு. அப்படியே அந்த 400 ரூபாய நான் மறக்கலன்னு அவன்கிட்ட சொல்லு.

குமார்