தூத்தூரிலிருந்து அப்பா

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போனில் நீ "ஒண்ணுமில்லப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் தாளை எடுத்தேன்.

கொல்கத்தா ஃபுட்பால் லீக் மழையில்தான் நடக்கும், நான் சொல்லித் தெரிய வேண்டாம். நம் கடற்கரை மணலில் கால் புதைந்தாலும் திரும்பும். அங்கே சேற்றில் பூட்ஸுக்கு அடியில் உள்ள ஸ்டட் பிடித்துக்கொண்டால் பாதம் நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும். இடையில் முறுகுவது முட்டுதான். வார்ம் அப்பை விடாதே. கோச் கொடுத்த ஃபிஃபா 11 பிளஸ் தாள் இன்னும் பைபிளுக்குள் இருக்கிறது. 15 பயிற்சி, 20 நிமிடம். பையன்கள் ஓட்டத்தை மட்டும் முடித்துவிட்டு நடுவில் உள்ளதை விழுங்கிவிடுவார்கள். அதுதான் முக்கியம். மண்டியிட்டு, பின்னால் ஒருவன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, இடுப்பு ஒடியாமல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். தொடையின் பின்தசை அதில்தான் உறுதிப்படும். அப்புறம், குதித்து இறங்கும்போது முட்டு மடங்கட்டும், உள்பக்கம் சாயக்கூடாது.

போன ஞாயிறு ஆட்டத்தைச் சின்னவன் போனில் பார்த்தோம். வலது ஓரத்தில் இரண்டு பேரை வெட்டி நீ கொடுத்த பந்துக்குத் தெருவே கத்தியது. உன் மாமாகூட! பிறகு ஒரு கார்னருக்கு எழும்பினாய். வலது காலில் மட்டும் இறங்கினாய். 60-வது நிமிடத்தில் உன்னை மாற்றினார்கள். பெஞ்சில் கையை ஊன்றித்தான் உட்கார்ந்தாய். உன் அம்மா கவனிக்கவில்லை.

இரண்டு காலிலும் இறங்கு மக்களே. முட்டு மடங்கட்டும்.

அந்த இடது முட்டு யாரால் என்று எனக்குத் தெரியும். திருவிழா ஃபைனல் அன்று காலையிலேயே வீங்கியிருந்தது. "முடியாதுப்பா" என்றாய், ஒரே ஒரு தடவை. நான்தான் பைக்கில் ஏற்றிப் போய் வலி ஊசி போட்டுக் கொண்டுவந்து கிரவுண்டில் இறக்கினேன். வடக்குத் தெருவிடம் தோற்கக் கூடாதென்ற வீம்பு. உனக்கு 17 வயது. ஊசி வலியைத்தான் மறைக்கும் என்று தெரியாமலா செய்தேன்? நானே அப்படி ஆடித்தான் 26 வயதில் நின்றேன். அந்தக் கப்பில் உன் அம்மா ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறாள்.

ஸ்கேன் எடு. ஜவ்வு அறுந்து ஆபரேஷன் வரை போனால் 9 மாதமாவது ஆடக்கூடாது. போகட்டும். காசும் போகட்டும்.

சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சொல்ல வேண்டாம். கட்டிலில் காலை நீட்டி, முட்டு இரண்டும் தெரிய ஒரு போட்டோ எடுத்துச் சின்னவன் போனுக்கு அனுப்பு. முகம் வேண்டாம்.

அப்பா