லண்டனில் பல்லி வளர்க்கப்போகும் மகனுக்கு

பாம்பன்.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். பியர்டட் டிராகன், இகுவானா, லெப்பர்டு கெக்கோ என்று மூன்று பல்லிகளின் படங்களை அனுப்பி, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்து என்னிடம் அடி வாங்கியவன், இன்று அதன் இனத்துக்கு வீடு கட்ட யோசனை கேட்கிறான் என்று உன் அம்மா சிரிக்கிறாள்.

பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. நம் ஓணானின் குடும்பம்தான். நம் வேலியில் இருக்கும் ஓணான் காலை எட்டு மணிக்குக் கம்பின் உச்சியில் வெயிலுக்கு உடம்பைக் காட்டி நிற்கிறது; பதினொரு மணிக்கெல்லாம் நிழலுக்கு இறங்கிவிடுகிறது. உடற்சூட்டைத் தானே உண்டாக்க முடியாத பிராணிக்கு இந்த ஏற்ற இறக்கம் கட்டாயம் என்பதால், நீ வைக்கும் நான்கடிக் கண்ணாடித் தொட்டியிலும் ஒரு முனை 40 டிகிரி செல்சியஸ் வரை காய வேண்டும், மறுமுனை 25 டிகிரியளவில் இருக்க வேண்டும். புற ஊதா விளக்கு இல்லாவிட்டால் சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேராமல் கால்கள் வளைந்துவிடும். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அதன் புற ஊதாக் கதிர் குறைந்துவிடும், மாற்ற மறந்துவிடாதே.

இகுவானா வேண்டவே வேண்டாம். கடையில் சாண் அளவில் இருப்பது வளர்ந்தால் வாலோடு ஐந்தடியைத் தாண்டும். உன் அறையையே அதற்குக் கூண்டாக்க வேண்டியிருக்கும்.

லெப்பர்டு கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துப் பாறை நிலத்துப் பல்லி. நம் வீட்டுப் பல்லியைப் போலச் சுவரேறாது. அதற்கில்லாத இமையும் இதற்கு உண்டு. மூன்றடித் தொட்டியும், ஒரு பக்கம் 32 டிகிரிச் சூடும், சுண்ணாம்புச்சத்துத் (கால்சியம்) தூள் தூவிய உயிருள்ள பூச்சிகளும் போதும்; கீரையைத் தொடாது. தோலுரிக்கும்போது மட்டும் ஈரப்பாசி வைத்த சிறு பெட்டி வேண்டும், இல்லையென்றால் பழைய தோல் விரலை இறுக்கி விரலே உதிர்ந்துவிடும். நீ இருட்டிய பிறகு வேலையிலிருந்து திரும்புகிறவன். டிராகன் அப்போது தூங்கியிருக்கும்; இதுவோ அப்போதுதான் வெளியே வரும். ஆகவே என் தேர்வு இதுதான். சூடேற்றும் விரிப்பை, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் வாங்காதே, வயிறு வெந்துவிடும்.

ஆனால் இது பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. பொங்கலுக்கு நீ இங்கே வந்திருக்கும் மூன்று வாரமும் அதற்கு யார் பூச்சி போடுவார்கள் என்று அம்மா கேட்கிறாள். அதற்கு ஆள் கிடைத்த பிறகு வாங்கு.

அன்புடன்,
அப்பா