கறிக்கு வளர்க்கும் மாடுகளின் தானியத் தீவனம் குறித்துப் பயிற்சி முகாம் கேட்டு மனு

அனுப்புநர்:
மாடு வளர்க்கும் விவசாயி,
வேப்பூர் வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை, கடலூர்.

பொருள்: தானியத் தீவனத் தேர்வு – பயிற்சி முகாம், பூசணப் பரிசோதனை வசதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பக்கம் மானாவாரி நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறோம். அதோடு காளைக் கன்றும் எருமைக் கிடாவும் வாங்கி, தீனி போட்டு உடம்பேற்றி விற்றுப் பிழைக்கிறோம். கறவை மாட்டுத் தீனியைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. கறிக்கு வளர்க்கும் மாட்டுக்கு எந்தத் தானியம், எத்தனை கிலோ என்றால் தீவனக் கடையில் சொல்வதுதான் கணக்கு.

போன மாட்டுப் பொங்கலன்று மிஞ்சிய பொங்கலை ஒரு குண்டான் நிறைய ஒன்றரை வயதுக் காளைக்கு வைத்தோம். ஆசையாகத் தின்றது. விடிந்து பார்த்தால் இடது பக்க வயிறு உப்பி, அசை போடாமல் நிற்கிறது. சாணம் தண்ணீராய்ப் போய், புளித்த வாடை அடித்தது. மூன்றாம் நாள் செத்துப்போனது. அரிசியின் மாவுச்சத்து வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். பாசத்தில் கொடுத்ததே எமனானது, ஐயா.

மக்காச்சோளத்தில் மாவுச்சத்து ஏறத்தாழ 70 சதவீதம், புரதம் 9 சதவீதம்தான். வளரும் கன்றுக்கு அது மட்டும் போதாது, கடலைப் பிண்ணாக்கோ பருத்திக்கொட்டையோ சேர வேண்டும். கம்பில் புரதம் சற்றுக் கூடுதல். முழுசாகப் போட்டால் மணி அப்படியே சாணத்தில் விழுகிறது, மாவாக அரைத்தால் வயிறு புளிக்கிறது. ஒன்றிரண்டாக உடைத்து, இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இதையெல்லாம் பட்டுத்தான் படித்தோம்.

இன்னொரு கவலை பூசணம். கோழித் தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் நல்ல சரக்கு போய்விட, எங்களுக்கு மிஞ்சுவது நனைந்த மக்காச்சோளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டைக்குள் கை விட்டால் சூடாக இருக்கும். மணிகள் ஒட்டிக்கொண்டு பச்சைத் தூள் பறக்கும். அதில் உண்டாகும் அஃப்லடாக்சின் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. கண்ணுக்குத் தெரியும் பூசணத்தைத் தள்ளிவிடலாம், தெரியாததை என்ன செய்வது?

எனவே, மாட்டின் எடைக்கு ஏற்ற தானியக் கலவையை எங்கள் ஊர்ச் சரக்கை வைத்தே செய்து காட்டும் முகாம் ஒன்றைக் கால்நடை மருந்தகத்தில் நடத்தித் தர வேண்டுகிறேன். அந்த அளவுகளை எழுதிய அட்டை கொடுத்தால் கொட்டகையில் மாட்டிக்கொள்வோம். தீவன மாதிரியை மருந்தகத்திலேயே வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பவும், ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்று வைக்கவும் ஆவன செய்ய வேண்டும்.

முகாம் மார்கழிக்குள் நடந்தால் வரும் பொங்கலுக்கே உதவும். தேதி மட்டும் சொன்னால் போதும். ஆட்களைத் திரட்டுவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: வேப்பூர்