பிரிண்ட் தாளை வைத்துப் படத்தைச் சோதிக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாய்க்கால் கரை ஆக்கிரமிப்பு, பாகத் தகராறு, லாரி விபத்து, பெண்களை மிரட்டப் பயன்படுத்தும் ஆபாசப் படம் என்று எந்த வழக்கை எடுத்தாலும் இன்று செல்போன் படம் ஒன்று கூடவே வருகிறது. எதிர்த்தரப்பு 'மார்பிங்' என்கிறது. படத்தை வைத்திருப்பவர் அதை ஏ4 தாளில் கலர் பிரிண்ட் போட்டு மனுவோடு இணைக்கிறார், அல்லது நாலு வாட்ஸ்அப் குழுவைச் சுற்றி வந்த பிரதியைப் பென்டிரைவில் தருகிறார். இரண்டுமே அவருடைய வழக்குக்கு அவரே செய்துகொள்ளும் கெடுதல். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பகுதி வாசகர்களுக்கு இது ஏன் என்று விளங்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

செல்போன் கேமரா படத்தை ஜேபெக் முறையில் சுருக்கிச் சேமிக்கும்போது அதை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாகச் சுருக்குகிறது. வேறொரு ஜேபெக் படத்திலிருந்து ஆளை வெட்டி ஒட்டினால், ஒட்டிய துண்டின் பழைய கட்டம் அடிப்படத்தின் கட்டத்தோடு தற்செயலாகப் பொருந்த 64ல் ஒரு வாய்ப்புதான் உண்டு. பொருந்தாத அந்தக் கோடுகள்தான் பட ஆய்வாளர்களான எங்களுக்குக் கிடைக்கும் முதல் தடம். இரண்டாவது தடம் இன்னும் வலுவானது. ஒவ்வொரு கேமராவிலும் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரில் புள்ளிகள் ஒளியை வாங்கும் அளவில் மிகச் சிறு வேறுபாடு இருக்கும். ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு செல்போன்களுக்கும் இது வேறு வேறுதான். மேகமூட்டமான வானத்தையோ வெள்ளைச் சுவரையோ அதே போனில் 50 படம் எடுத்துச் சராசரி பார்த்தால், கைரேகை போன்ற அந்த வேறுபாடு தெளிந்து வரும். சந்தேகப் படத்தில் அந்த ரேகை எங்கே அறுந்திருக்கிறதோ, அங்கே கை வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிரிண்ட் தாளில் இந்தத் தடங்களைத் தேட முடியாது. ரேகையை ஒப்பிட அந்த போனே வேண்டும். படம் எடுத்தது பின் கேமராவா, செல்ஃபி கேமராவா என்பதும் தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சென்சார். வழக்கு முடியும் முன்பே போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், 4000க்கு 3000 புள்ளியாக இருந்த படம் சுமார் 1600க்கு 1200 ஆகச் சுருங்கும். பழைய கட்டம் குலைந்து புதிய கட்டம் விழும், சென்சார் ரேகை மங்கும், எடுத்த தேதியும் கேமரா விவரமும் கழன்றுவிடும். ஆண்ட்ராய்டு போனில் ஃபைல் பெயரில் 'டபிள்யூஏ' என்ற எழுத்துகளுக்கு முன்னால் இருக்கும் தேதி, படம் எடுத்த தேதி அல்ல. இதைக் காட்டி வாதாடி அடிபட வேண்டாம். படத்தின் மேலேயே அச்சாகும் ஜிபிஎஸ் முத்திரையும் வெறும் எழுத்துதான். எடிட் செய்யத் தெரிந்த எவரும் மாற்றலாம்.

இணையத்தில் படத்தை ஏற்றினால் 'போலி' இருக்கும் இடம் வெள்ளையாக மின்னும் என்று சில தளங்கள் காட்டுகின்றன. படத்தை 95 சதவீதத் தரத்தில் மறுபடி சேமித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் முறை அது. கூர்மையான விளிம்பு எல்லாமே அதில் மின்னும்: கடைப் பலகை எழுத்து, வேட்டியின் கரை, தென்னங்கீற்று. உண்மைப் படத்தைப் பொய் என்று சொல்ல வைக்கும் ஆபத்து இதில் அதிகம். இதை மட்டும் வைத்து ஒருவரைப் பித்தலாட்டக்காரர் என்று எழுதுவது அநியாயம். ஒரே படத்துக்குள் ஒரு பகுதியை நகலெடுத்து ஒட்டியதைத் தேடும் மென்பொருளும் தென்னந்தோப்பிலும் அடுக்கி வைத்த பனியன் பண்டல்களிலும் ஏமாறும். அங்கே எல்லாம் ஒன்றுபோல் இருப்பது இயல்பு.

ஃபைல் கெட்டுப்போன பிறகும் ஓரளவு கைகொடுப்பது நிழல். வெயிலில் எடுத்த படத்தில் ஒவ்வொரு பொருளின் நுனியையும் அதன் நிழல் நுனியோடு இணைத்துக் கோடு இழுத்தால், எல்லாக் கோடும் ஒரே புள்ளியை நோக்கிப் போக வேண்டும். ஒட்டிய ஆளின் கோடு விலகும். தேதியையும் நிழல் காட்டிக்கொடுக்கும். கோவை 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஜூன் 21 அன்று 10 அடிக் கம்பத்தின் உச்சிவேளை நிழல் இரண்டேகால் அடிக்குள் தெற்கே விழும். டிசம்பர் 21 அன்று ஏறக்குறைய 7 அடி வடக்கே விழும். உச்சிவேளை என்பது அந்நாட்களில் கடிகாரத்தில் 12.20ஐ ஒட்டி. ஜூனில் சமதளத்தில் நாள் முழுவதுமே நிழல் வடக்கே சாயாது. ஜூனில் எடுத்தது என்று சொல்லும் வேலிப் படத்தில் கம்ப நிழல் வடக்கே நீண்டிருந்தால், அந்தத் தேதியை நம்ப முடியாது.

படம் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கேலரியில் அதைத் திருப்பவோ வெட்டவோ வேண்டாம். போனைக் கேபிளில் இணைத்து ஃபைலைக் கணினிக்கு எடுங்கள். அனுப்பியே தீர வேண்டுமானால் வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். எடுத்த அன்றே எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ், அதாவது ஃபைலில் சிறு மாற்றம் வந்தாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு, கணக்கிட்டு அதன் 64 எழுத்தையும் குறித்து வையுங்கள். விண்டோஸ் கணினியில் 'செர்ட்யுடில்' கட்டளையே போதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணுச் சான்றோடு தர வேண்டிய சான்றிதழில் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். முதல் பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹேஷ் எடுத்த பிறகு ஃபைல் மாறவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். அதற்கு முன் எடிட் நடந்ததா என்பதை அது சொல்லாது.

தங்கள் செய்தியாளர்களும் சர்ச்சைக்குரிய படம் கையில் வரும்போது எடுத்தவரிடமிருந்து அசல் ஃபைலைக் கேட்டு வாங்கிய பிறகே வெளியிட வேண்டுகிறோம். ஆய்வறிக்கையில் 'தீர்மானிக்க இயலவில்லை' என்று இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அதற்குப் 'படம் உண்மை' என்று பொருளில்லை, 'போலி' என்றும் பொருளில்லை.

இப்படிக்கு,
டிஜிட்டல் பட ஆய்வாளர்கள் இருவர்,
கோவை.