டி.என்.ஏ. உருகுவதில்லை ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில், 'செல்லுக்குள் டி.என்.ஏ. உருகிப் புரதமாக மாறுகிறது' என்று ஒரு வரி. உருகுகிறதாம்! அப்படியென்றால் ஒரு தடவை இன்சுலின் தயாரித்ததுமே கணையச் செல்லில் அதற்கான மரபணு காலியாகியிருக்க வேண்டும். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு என்ன செய்வதாம்?

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. மூலப் பிரதியான டி.என்.ஏ. செல்லின் உட்கருவிலேயே பத்திரமாக இருக்கிறது. தேவைப்படும் மரபணுவுக்கு மட்டும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி நகல் எடுக்கிறது. நகலில் வேண்டாத துண்டுகளை வெட்டி, மிச்சத்தை ஒட்டி, தூது ஆர்.என்.ஏ.வாக வெளியே அனுப்புகிறது செல். அதைப் புரதம் கட்டும் ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க, கடத்து ஆர்.என்.ஏ.க்கள் உரிய அமினோ அமிலங்களைச் சுமந்து வர, புரதச் சங்கிலி நீள்கிறது. 64 மூன்றெழுத்துகளில் 3 மட்டும் 'போதும், நிறுத்து' என்பவை. அதில் ஒன்று வந்ததும் சங்கிலி கழன்றுவிடும்.

அத்தாட்சி வேண்டுமா? சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. அதற்கப்புறமும் கொஞ்ச காலம் அதில் ஹீமோகுளோபின் தயாராகிறது, ஏற்கெனவே எடுத்துவைத்த நகல்களை வைத்துக்கொண்டு. உருகுவதற்கு அங்கே டி.என்.ஏ. ஏது?

உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். 'சின்ன வார்த்தைதானே சார், எளிமையா இருக்கட்டும்னு போட்டிருப்பாங்க' என்று பதில் வந்தது. சின்னது! ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினுக்குரிய மரபணுவில் ஓரிடத்தில் அடினின் என்ற எழுத்துக்குப் பதில் தைமின் என்ற எழுத்து வந்தால், புரதச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் போய் வாலின் என்ற வேறொன்று உட்கார்ந்துவிடும். இந்தப் பிழை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டு, சிவப்பணுவையே அரிவாளாக வளைத்துவிடும். ஒரே எழுத்து ஐயா. உங்கள் மெய்ப்புப் பார்ப்பவர் அதையும் சின்னது என்றுதான் விட்டிருப்பார்.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். ஹர் கோவிந்த் குரானா படத்தின் கீழே 'மரபணுவைக் கண்டுபிடித்தவர்' என்று போட்டீர்கள். எந்த மூன்றெழுத்து எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்று கண்டறிய, எழுத்து வரிசையைத் தானே தொகுத்துச் சோதித்த மனிதர் அவர். 1968இல் நிரன்பெர்க், ஹாலி ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றது அதற்காகத்தான். வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009இல் கிடைத்தபோது எங்கே பிறந்தார், எங்கே படித்தார் என்று அரைப் பக்கம் எழுதினீர்கள். ரைபோசோமின் அணுக் கட்டமைப்பைக் கண்டதற்குத்தான் பரிசு என்பது ஒரே வரியில் முடிந்துவிட்டது. கொரோனா சமயத்தில், தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி நம் டி.என்.ஏ.வோடு கலந்துவிடும் என்று கேள்வி-பதில் பகுதியில் அச்சிட்டீர்கள். அந்த ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள் போவதில்லை, சீக்கிரமே சிதைந்தும் போகிறது. என் எதிர்வீட்டுப் பெரியவர் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு என்னோடு மல்லுக்கு நின்றார். உயிரியல் நடத்தியே தலை நரைத்தவன் சொல்வது எடுபடவில்லை, உங்கள் பேப்பர் எடுபட்டது.

இப்போதும் அதே கதை. என்னிடம் படிக்க வரும் பெண் விடைத்தாளில் 'உருகி' என்று எழுதியிருந்தாள். அடித்துவிட்டேன். 'பேப்பர்லயே போட்டிருக்கே சார்' என்றாள். அவளிடம் நான் என்ன சொல்ல?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். வரி விளம்பரங்களுக்கு நடுவே வேண்டாம். அப்புறம், உங்கள் ஓவியர் ஒவ்வொரு முறையும் இரட்டைச் சுருளை இடப்பக்கமாகவே முறுக்குகிறார். செல்லில் வழக்கமாக இருப்பது வலச்சுருள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்